குப்பி, லாம்பு, நூர்: புத்தளக் கரையின் விளக்குச் சொற்கள்

ஓர் ஊரின் வரலாற்றைக் கல்வெட்டிலும் கோட்டையிலும் தேடுவது நமது வழக்கம். வீட்டுக்குள் அன்றாடம் புழங்கிய சொற்களும் வரலாற்றுச் சான்றுகளே. புத்தளம், கற்பிட்டிக் கரையோர வீடுகளில் இரவு வெளிச்சத்துக்கு வழங்கிய சொற்களை வரிசைப்படுத்தினால், இக்கரைக்கு யார் யார் வந்தார்கள் என்பது தெரியும். வெளிச்சம் யாருக்குக் கிடைத்தது, யாருக்கு அரைகுறையாகக் கிடைத்தது என்பதும் தெரியும்.

அகல், திரி, மாடம் ஆகியன தேங்காயெண்ணெயும் இலுப்பையெண்ணெயும் எரிந்த காலத்துச் சொற்கள். இரவில் மீன்பிடிக்கக் காய்ந்த ஓலையைக் கட்டிக் கொளுத்திய பந்தம் 'சூள்' எனப்பட்டது. சுவரில் குழிவாக அமைந்த விளக்கு மாடம் நம்மவர்க்கு நன்கு பழகியது. திருக்குர்ஆனின் அந்நூர் அத்தியாயம் 35ஆம் வசனத்தில் வரும் 'மிஷ்காத்' என்பதைத் தமிழில் 'மாடம்' என்று எழுதியபோது அதற்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை.

1344இல் இப்னு பதூதா புத்தளத்தில் இறங்கினார். அரபுலகத் தொடர்பு இவ்வளவு பழையதாயினும், அரபுச் சொற்கள் நமது விளக்குகளுக்குப் பெயராகவில்லை, பிள்ளைகளுக்குப் பெயராயின. சிராஜ் என்றால் விளக்கு. மிஸ்பாஹும் விளக்கே, 'சுபுஹ்' பிறந்த அதே வேரில் பிறந்தது. முனீர், ஒளி தருவது. நமது வகுப்பறைகளில் சிராஜ்களுக்கும் முனீராக்களுக்கும் குறைவில்லை. தம் பெயரின் பொருளை அறிந்த மாணவர்தான் குறைவு.

ஒல்லாந்தர் கற்பிட்டிக் கோட்டையை 1667இல் தொடங்கி 1676இல் கட்டி முடித்தனர். அவர்களது 'லாம்ப்' சிங்களத்தில் 'லாம்புவ' ஆயிற்று. தமிழில் நாம் 'லாம்பு' என்கிறோம். பின்வந்த ஆங்கிலேயரிடமும் அதே சொல் இருந்ததால் அது நிலைத்துவிட்டது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் புதிய எண்ணெய் வந்தபோது தமிழ் பேசுவோர் 'மண்ணெண்ணெய்' என்றனர். சிங்களவர் 'பூமிதெல்' என்றனர். இரு மொழியினரும் ஒரே விதமாகச் சிந்தித்துத் தம் சொந்தச் சொற்களாலேயே பெயரிட்டது நோக்கத்தக்கது.

மண்ணெண்ணெயோடு கண்ணாடிச் சிமிலியும் அரிக்கன் லாம்பும் வந்தன. 'ஹரிக்கேன்' என்பது கரீபியன் தீவுகளின் பழங்குடியினர் சூறாவளிக்கு வைத்த பெயர். அது ஸ்பானியர் வழியே ஆங்கிலத்துக்குப் போய், அங்கிருந்து நமது திண்ணைக்கு வந்து 'அரிக்கன்' ஆயிற்று. பெற்றோமெக்ஸில் இருப்பது பெர்லின் உற்பத்தியாளர் மெக்ஸ் கிறேட்ஸின் பெயர்.

ஆனால் அரிக்கன் லாம்பு வசதியுள்ள வீட்டுச் சாமான். பெற்றோமெக்ஸ் கலியாணத்துக்கும் மௌலூது மஜ்லிஸுக்கும் உரியது. ஏழை வீட்டில் எரிந்தது குப்பி விளக்கு. வெறும் போத்தல், தகர மூடியில் ஒரு துளை, பழந்துணித் திரி, அவ்வளவுதான். அதற்கு உற்பத்தியாளர் பெயர் எதுவும் இல்லை. கை தட்டினால் சரியும். சரிந்தால் எண்ணெய் சிந்தித் தீப்பற்றும். அவ்வாறு எரிந்தவர்களுக்குச் சிகிச்சையளித்த சத்திரசிகிச்சை நிபுணர் விஜய கொடகும்புர, மார்மைட் போத்தலைப் போலக் குட்டையாகவும் கனமாகவும், திருகு மூடியுடன் 'சுதீபா' என்ற பாதுகாப்பான விளக்கை 1992இல் உருவாக்கினார். 1998இல் அதற்காக ரோலெக்ஸ் விருது பெற்றார்.

சுதீபா உருவாவதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பு, 1990 ஒக்டோபரில், வடமாகாண முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். சுமார் 75,000 பேர். அவர்களில் பெரும்பாலோர் வந்து சேர்ந்தது புத்தளம் மாவட்டத்துக்கு. கிடுகுக் கொட்டில்களில் அவர்களுக்கும் குப்பி விளக்கே துணையாயிற்று. காற்றடிக்கும் கரையில், ஓலைக்கு ஒரு முழம் கீழே எரியும் திறந்த சுடர் எத்தகைய அச்சம் என்பதை அங்கு வாழ்ந்தோர் அறிவர். அவர்கள் கொண்டுவந்த வடபகுதிப் பேச்சில் விளக்கை அணைப்பதற்கு 'நூர்த்தல்' என்று பெயர். 'விளக்க நூத்துப்போட்டுப் படு' என்று தாய் சொல்வாள். அரபியில் நூர் ஒளி. யாழ்ப்பாணத் தமிழில் நூர் என்றால் அணை. இவ்விரு சொற்களுக்கும் உறவில்லை. ஆயினும் நூர் என்று பெயரிட்ட பிள்ளையிடமே விளக்கை நூர்க்கச் சொல்லும் வாழ்வு அந்தக் கொட்டில்களில் இருந்தது.

இன்று நுரைச்சோலை அனல்மின் நிலையம் இதே கரையில் நிற்கிறது. முதல் அலகு 2011இல் 300 மெகாவாற்றுடன் தொடங்கியது. 2014இல் மூன்று அலகுகளும் சேர்ந்து 900 மெகாவாற் ஆயின. நாடு முழுவதும் 'கரண்ட்', 'லைட்', 'பல்ப்' என்று ஒரே சொற்கள். நிலக்கரித் தூசு பற்றிய முறைப்பாடு மட்டும் இவ்வூரவருக்கே உரியது. 2022 மார்ச்சில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணிநேரம்வரை மின்வெட்டு நீண்டபோது, பலர் மீண்டும் குப்பி விளக்கைத் தேடினர். அப்போது மண்ணெண்ணெய்க்கும் வரிசை.

இச்சொற்களை அறிந்த மூத்தோர் இன்னும் நம்மிடையே உள்ளனர். ஆசிரியர்கள் மாணவரைக்கொண்டு ஊர்தோறும் அவற்றைத் தொகுக்கலாம். சொல்லை மட்டும் எழுதினால் போதாது. எந்த விளக்கு யாருடைய வீட்டில் எரிந்தது, எண்ணெய் தீர்ந்த இரவில் என்ன செய்தார்கள் என்பதையும் அருகே எழுதிவைக்க வேண்டும்.