முதலில் பசையா, முதலில் கம்பியா?

கேரள எல்லையிலுள்ள கோவிந்தாபுரத்திலிருந்து தெற்கே தெரியும் மலைகளுக்கு அப்பால் இருக்கிறது பறம்பிக்குளம். கோவிந்தாபுரத்தைப் போலவே அதுவும் முதலமடை ஊராட்சியில் அடங்கிய இடம். ஆனாலும் சாலை வழியே அங்கே போக, எல்லையைத் தாண்டித் தமிழ்நாட்டுக்குள் நுழைந்து, சேத்துமடை, டாப்ஸ்லிப் என்று சுற்றித்தான் போக வேண்டும். ஏன் இந்தச் சுற்று என்பதை வகுப்பில் வாயால் விளக்கினால் பிள்ளைகளுக்குப் பிடிபடாது. மலையையும் பறம்பிக்குளம் அணையையும் மாதிரியாகச் செய்து மேசைமேல் வைத்தால் பார்த்தவுடன் விளங்கிவிடும். பள்ளி அறிவியல் விழாவான சாஸ்திரோத்சவத்துக்கு மாதிரி செய்யும் மாணவர்களுக்கு இதைவிட நல்ல பாடம் இந்தப் பக்கத்தில் இல்லை என்பது என் எண்ணம்.

இதற்கு ஏற்ற பொருள் தெர்மோகோல். ஆனால் கடையில் பெரும்பாலும் கிடைப்பது ஒரு மீட்டர் நீளம், அரை மீட்டர் அகலமுள்ள தகடுதான். கனம் 12, 25, 50 மில்லிமீட்டர் என்று போகும். மலைக்கு அரைச் சாண் உயரமாவது வேண்டும். ஆகவே ஒட்டாமல் தீராது. தகடுகளை ஒட்டிக் கட்டியாக்கிவிட்டுச் சூட்டுக்கம்பியால் அறுப்பது ஒரு வழி. ஒவ்வொன்றையும் தனித்தனியே அறுத்துவிட்டுப் பிறகு ஒட்டுவது இன்னொரு வழி. பார்வைக்கு வரிசை மட்டுமே மாறுகிறது. வேலையில் இறங்கினால் பசை, நேரம், முடிவில் கிடைக்கும் உருவம் எல்லாமே மாறுகின்றன.

ஒட்டிவிட்டு அறுப்பதில் உள்ள இடைஞ்சலைப் புரிந்துகொள்ள, கம்பி எப்படி அறுக்கிறது என்று தெரிய வேண்டும். தெர்மோகோலில் ஏறத்தாழ 98 விழுக்காடு காற்று. மீதி, காற்றறைகளின் சுவராக இருக்கும் பாலிஸ்டைரீன்; அது சுமார் 100 டிகிரி செல்சியஸில் இளகத் தொடங்கும். மின்சாரத்தால் சூடேறிய நிக்ரோம் கம்பி நெருங்கும்போதே அந்த மெல்லிய சுவர்கள் சுருங்கி வழிவிடுகின்றன. நன்றாக ஓடும் கம்பி நுரையை அழுத்துவதேயில்லை. காய்ந்த பசைப் படலம் அப்படியல்ல. அதற்குள் காற்று இல்லை, முழுக்கத் திடப்பொருள். கம்பி அங்கே வந்ததும் தயங்கும். தயங்கும் நேரத்தில் பசைக்கு இருபுறமும் உள்ள நுரை சூட்டில் உருகிக்கொண்டே போகும். கடைசியில் கிடைப்பது, நடுவே பசையின் மேடும் அதன் இரு கரையிலும் பள்ளமும். உப்புத்தாள் கொண்டு தேய்த்தாலும் சரியாகாது; கடினமான பசை அப்படியே நிற்க, மென்மையான நுரைதான் மேலும் தேயும்.

இதில் பலர் கவனிக்காத ஒன்று, ஒட்டின் திசை. கம்பி ஒட்டுத் தளத்தைக் குறுக்கே ஊடுருவிச் செல்லும்படி வைத்தால், எந்த நேரத்திலும் ஒரு புள்ளியில் மட்டுமே பசை எதிர்க்கும். மற்ற நீளமெல்லாம் நுரையில் ஓடுவதால் கம்பி கடந்துவிடும். கம்பியும் ஒட்டுத் தளமும் இணையாக இருந்து, கம்பி அதை நோக்கி நகர்ந்தால், படலம் முழுவதும் ஒரே சமயத்தில் தடுக்கும். கம்பி அப்படியே நின்றுவிடும். எனவே ஒட்டிவிட்டு அறுப்பவர் பசை டப்பாவைத் திறக்கும் முன்பே கம்பியின் பாதையைக் கட்டியின் மீது வரைந்தாக வேண்டும். பாதை வராத இடத்தில் மட்டும் பொட்டுப் பொட்டாகப் பசை வைத்தால் போதும்.

எந்தப் பசை? ரப்பர் சிமென்ட் போன்ற கரைப்பான் கலந்த பசைகளில் பெரும்பாலானவை தெர்மோகோலைத் தின்றுவிடும். அவற்றிலுள்ள டொலுவீன் போன்ற கரைப்பான் பாலிஸ்டைரீனைக் கரைக்கும். உடனடிப் பசையும் அரிக்கும். பசைத் துப்பாக்கியின் சூடு நுரையில் குழி பறிக்கும். ஆறிய பிறகும் கம்பி பட்டால் இளகி நூல் நூலாக இழுபடும். நுரைக்கென்றே விற்கும் தெளிப்புப் பசை மெல்லிய படலமாக விழுவதால் கம்பிக்கு அவ்வளவு தொல்லை தராது, ஆனால் விலை அதிகம். எங்கும் கிடைப்பது வெள்ளை ஃபெவிகால். நுரைக்குத் தீங்கு செய்யாது. ஆனால் அது காய நீர் வெளியேற வேண்டும். தெர்மோகோலோ நீரை உறிஞ்சாது, எளிதில் வெளியே விடவும் செய்யாது. விளிம்பு காய்ந்து கெட்டியாகத் தெரியும்போது நடுப்பகுதி நாள்கணக்கில் ஈரமாகவே இருக்கும். ஈரப் பசையில் பட்ட கம்பி சூட்டை இழந்து சிக்கிக்கொள்ளும். ஐப்பசி மழையில் இன்னும் மோசம்.

அறுத்துவிட்டு ஒட்டினால் இந்தக் கவலைகளில் பெரும்பாலானவை இல்லை. கம்பி வேலை முடிந்துவிட்டதால் நுரையைத் தின்னாத பசை எவ்வளவு கெட்டியானாலும் பாதகமில்லை. வெள்ளைப் பசையே போதும். மலைக்கு இந்த வழிதான் இயல்பாகப் பொருந்துகிறது. இந்திய நில அளவைத் துறையின் 1:50,000 வரைபடத்தில் 20 மீட்டருக்கு ஒரு சமஉயரக் கோடு இருக்கும். ஒவ்வொரு ஐந்தாம் கோடும் தடித்திருக்கும், அதாவது 100 மீட்டருக்கு ஒன்று. வரைபடத்தை இரு மடங்காகப் பெரிதாக்கி, தடித்த கோடு ஒவ்வொன்றுக்கும் 12 மில்லிமீட்டர் தகடு ஒன்று வெட்டினால், ஆயிரம் மீட்டர் ஏற்றத்துக்குப் பத்துத் தகடு, 12 சென்டிமீட்டர் உயரம். உண்மையைவிட மூன்று மடங்கு செங்குத்தாகத் தெரியும்; மேசை மாதிரிக்கு அது வேண்டியதே. அடித்தகடுகளின் நடுவை வெட்டியெடுத்துக் கூடாக்கினால் பசைக்குக் காற்றும் கிடைக்கும், வெட்டிய துண்டு மேலடுக்குக்கும் ஆகும்.

குறை இல்லாமல் இல்லை. மலை படிக்கட்டாக நிற்கும். காகிதக்கூழ் பூசிச் சரிவாக்க வேண்டும். அடுக்குகள் இடம் மாறினால் பள்ளத்தாக்கின் போக்கே தவறிவிடும்.

அணைக்கு இந்த வழி உதவாது. அதன் குறுக்குவெட்டு நெடுகிலும் ஒன்றே. இரு முனைகளிலும் ஒரே மாதிரி டெம்ப்ளேட்டைப் பொருத்தி, கம்பியை அவற்றின் மேல் ஒரே ஓட்டமாக இழுத்தால்தான் முகம் வழவழப்பாக வரும். தனித்தனியே அறுத்த துண்டுகளைச் சேர்த்தால் ஒட்டில் சிறு படி விழும். வண்ணம் பூசியதும் அதுவே முதலில் கண்ணில் படும். விமானச் சிறகுக்கும் இதே நிலைதான். 1975-இல் பறந்த பர்ட் ரூட்டானின் வாரி-ஈஸி விமானத்தை வீட்டிலேயே கட்டியவர்கள் சிறகின் உட்கருவை இப்படித்தான் பாலிஸ்டைரீன் கட்டியிலிருந்து அறுத்தார்கள். டெம்ப்ளேட்டில் எண்கள் குறித்து, ஒருவர் எண்ணைச் சொல்லச் சொல்ல, இரு முனையிலும் நிற்கும் இருவரும் ஒரே கதியில் கம்பியை நகர்த்துவார்கள். கம்பி எங்கும் தயங்கக் கூடாது என்பதே அந்த முறையின் உயிர்நாடி. தயங்க வைக்கும் பசைக்கோடு அங்கே எவ்வளவு கேடு என்று சொல்ல வேண்டியதில்லை.

ஆகவே, ஒட்டி அறுத்தே ஆக வேண்டிய இடத்திலும் பசையைத் தள்ளிப்போட முடியுமா என்று பார்ப்பதே நல்லது என்பேன். முடியும். தென்னை ஈர்க்குச்சியைக் கூராகச் சீவி, வெட்டுக்குப் பின் கழிவாகப் போகும் பகுதியில் குத்தித் துண்டுகளை இறுக்கி, டெம்ப்ளேட்டை வைத்து ஒரே இழுப்பில் அறுக்கலாம். கம்பி ஈர்க்கைத் தொடாதவரை தடை எதுவும் இல்லை. பிறகு பிரித்து, ஒட்டும் முகத்தில் மட்டும் பசை தடவி, அதே வரிசையில் சேர்த்தால் இரு பக்கக் கோடும் பொருந்தும். சூடேறிய கம்பி ஒரு மீட்டருக்கு ஏறத்தாழ மூன்று மில்லிமீட்டர் நீளும் என்பதால் கம்பி பூட்டிய வில்லின் ஒரு முனையில் ஸ்பிரிங் கட்டாயம். தொய்ந்த கம்பி நடுவில் பின்தங்கி, அணையின் முகத்தில் குழிவு விடும்.

புகை பற்றியும் சொல்லியாக வேண்டும். அறுக்கும்போது ஸ்டைரீன் ஆவி வரும். காற்றோட்டமான திண்ணையில், பெரியவர் பக்கத்தில் இருக்கச் செய்ய வேண்டும். மஞ்சள் நிற பாலியூரித்தேன் நுரையைச் சூட்டுக்கம்பியால் ஒருபோதும் அறுக்கக் கூடாது. அதன் புகை நஞ்சு. அலங்காரத்துக்குத் தெர்மோகோலைப் பயன்படுத்த 2022 ஜூலை 1 முதல் நாடெங்கும் தடை உள்ளது. பள்ளி மாதிரிக்குப் புதுத் தகடு வாங்குவதைவிட, குளிர்பதனப் பெட்டியோடும் தொலைக்காட்சியோடும் வந்த நுரைத் துண்டுகளை எடுத்துக்கொள்வதே சரி. அவை சிறிய, ஒழுங்கற்ற துண்டுகள் என்பதால் ஒட்டுவேலை கூடும். ஈர்க்குச்சி முறைக்கு அதிகப் பலன் அங்கேதான்.

அணையும் மலையும் சந்திக்கும் இடத்தில் இரண்டு முறைகளும் ஒரே மாதிரியில் கூடுகின்றன. அணையின் முனையை மலையடுக்கின் மேல் வைத்துக் கோடு வரைந்து, ஒவ்வொரு தகட்டிலும் அந்த அளவுக்கு இடம் வெட்டி, அடுக்கி ஒட்டிக் காய்ந்த பின் அணையைச் செருக வேண்டும். அங்கே கம்பிக்கு இனி வேலை இல்லை. வெள்ளைப் பசையைத் தாராளமாக வைத்து, மேலே பாடப்புத்தகங்களை அடுக்கி, இரண்டு நாள் தொடாமல் விடலாம்.