எரிவாயுவா, மின்சாரமா? அடுப்பு நடந்து வந்த பாதை

புதுமனை கட்டுவோர் சமையலறைக்கு வரும்போது இன்று தவறாமல் எழும் வினா ஒன்றுண்டு: எரிவாயு அடுப்பா, மின்னடுப்பா? விலைப்பட்டியலை மட்டும் கொண்டு இதற்கு விடை காண இயலாது. இவ்விரண்டும் நம் இல்லங்களுக்குள் எவ்வாறு நுழைந்தன என்பதை அறிந்தால், எதை எவ்வளவு நம்பலாம் என்பது விளங்கும்.

எரிவாயு வந்த வழி

இங்கிலாந்தின் நார்தாம்ப்டன் நகரில் வாயு நிலையமொன்றில் பணியாற்றிய ஜேம்ஸ் ஷார்ப் என்பவர் 1826இல் எரிவாயு அடுப்புக்குக் காப்புரிமை பெற்றார். 1841இல் இலண்டன் ரிஃபார்ம் மன்றத்தின் புகழ்பெற்ற சமையற்கூடத்தில் அலெக்சிஸ் சோயர் எரிவாயுவில் சமைத்துக் காட்டினார். ஆயினும் மக்கள் அஞ்சினர். அவ்வச்சம் வீணானதன்று. நிலக்கரியிலிருந்து எடுக்கப்பட்ட அக்கால வாயுவில் கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சு கலந்திருந்தது. நாணயம் இட்டால் வாயு வழங்கும் மீட்டர்கள் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் பரவிய பின்னரே தொழிலாளர் இல்லங்களில் இவ்வடுப்பு இடம்பிடித்தது.

இன்று நாம் சிலிண்டரில் பெறும் திரவ எரிவாயுவின் கதை 1910இல் அமெரிக்க வேதியியலாளர் வால்ட்டர் ஸ்னெல்லிங்கிடம் தொடங்குகிறது. கசிவை உணர்த்தும் அந்தக் கெட்ட வாடை வாயுவின் இயல்பன்று, வேண்டுமென்றே சேர்க்கப்படுவது. 1937 மார்ச் 18 அன்று டெக்சாசின் நியூ லண்டன் பள்ளியில் மணமற்ற இயற்கை வாயு கசிந்து வெடித்ததில் ஏறத்தாழ 300 பேர் மாண்டனர், பெரும்பாலோர் பிள்ளைகள். வாயுவுக்கு வாடை சேர்ப்பதைச் சட்டம் கட்டாயமாக்கியது அதன் பிறகே.

மின்சாரம் வந்த வழி

1893இல் சிகாகோ உலகக் கண்காட்சியில் மின்சாரச் சமையலறை காட்சிக்கு வைக்கப்பட்டது. ஆனால் சூட்டைத் தாங்கும் கம்பி அப்போது இல்லை. 1906இல் ஆல்பர்ட் மார்ஷ் காப்புரிமை பெற்ற நிக்ரோம் கம்பியே அக்குறையைத் தீர்த்தது. 1970களின் தொடக்கத்தில் வெஸ்டிங்ஹவுஸ் ஆய்வுக்கூடம் உருவாக்கிய தூண்டல் அடுப்பு, அதாவது இன்றைய இண்டக்‌ஷன், அடுப்பைச் சூடாக்காமல் காந்தப்புலத்தால் பாத்திரத்தையே சூடாக்கியது.

நம் இல்லங்களில்

இந்தியாவில் சிலிண்டர் வாயு 1950களின் நடுப்பகுதியில் பம்பாயில் அறிமுகமாயிற்று. 1965இல் கல்கத்தாவில் இண்டேன் தன் முதல் இணைப்பை வழங்கியது. விறகையும் மண்ணெண்ணெயையும் நம்பியிருந்த எளிய குடும்பங்களுக்கு இது எட்ட மேலும் பல்லாண்டுகள் ஆயின. தமிழ்நாட்டில் 2007இல் தொடங்கிய இலவச எரிவாயு அடுப்புத் திட்டமும், 2016இல் வந்த மத்திய அரசின் உஜ்வலா திட்டமும் அந்த இடைவெளியைக் குறைத்தன. இதன் பயனைப் புகையில் கண் கலங்க ஊதாங்குழலோடு போராடிய நம் பாட்டிமார்களே நன்கறிவர்.

ஆனால் இரண்டு எரிபொருள்களும் நம்மைக் கைவிட்ட காலங்களும் உண்டு. 2012 செப்டம்பரில் மானிய சிலிண்டர் ஆண்டுக்கு 6 என வரையறுக்கப்பட்டபோது பலர் மின்னடுப்பை நாடினர். அதே காலத்தில் தமிழ்நாடு கடுமையான மின்வெட்டில் தவித்தது. அண்டை இலங்கையில் 2022இல் நிலைமை இன்னும் கொடிது: வாயுவுக்கு நெடுவரிசை, மார்ச் மாத இறுதியில் நாளொன்றுக்கு 13 மணிநேர மின்வெட்டு. கொழும்பின் மாடிக் குடியிருப்புகளில் விறகு மூட்டவும் இடமின்றி மக்கள் அல்லலுற்றனர். ஒன்றை மட்டும் நம்பிய சமையலறை ஒரே நாளில் முடங்கிவிடும் என்பதே இதன் பாடம்.

புதிய சமையலறைக்கு

14.2 கிலோ சிலிண்டரொன்று தரும் சமையல் வெப்பத்தைத் தூண்டல் அடுப்பில் பெற, ஏறக்குறைய 140 யூனிட் மின்சாரம் தேவைப்படும். எரிவாயு அடுப்பில் வெப்பத்தின் மூன்றிலொரு பங்கு பாத்திரத்தைச் சேராமல் வீணாவதையும் சேர்த்தே இக்கணக்கு. உங்கள் மின்கட்டணம் எந்தப் படியில் நிற்கிறது என்று பார்த்து இலாபநட்டத்தை அறிக. பயன்பாடு கூடக் கூட யூனிட் விலையும் ஏறும் என்பதை மறவாதீர்.

பாத்திரங்களையும் எண்ணிப் பாருங்கள். காந்தம் ஒட்டாத அலுமினியம், பித்தளை, மண்சட்டி ஆகியவை தூண்டல் அடுப்பில் சூடேறா. அடி வளைந்த பெரிய தேக்சாவில் பிரியாணி ஆக்குவோருக்கு வாயுவே கைகொடுக்கும். பால் காய்ச்சவும், சஹர் நேரத்தில் விரைந்து உணவைச் சூடாக்கவும் மின்னடுப்பு எளிது, புகையுமில்லை, தீச்சுடருமில்லை. இதயத்தில் பேஸ்மேக்கர் பொருத்தியோர் மருத்துவரைக் கேட்ட பின்னரே அதனை அணுகுக.

எனவே வாயு, மின்சாரம் இரண்டுக்கும் இடமளித்துச் சமையலறையைக் கட்டுவதே அறிவுடைமை. 2000 வாட் அடுப்புக்குத் தனிக் கம்பியும் 16 ஆம்பியர் பிளக்கும் சுவர் பூசுமுன்னரே அமைக்கப்படட்டும். சிலிண்டர் வாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையில் தேங்கும். ஆகவே மேலே புகைபோக்கி மட்டும் போதாது, தரையை ஒட்டியும் காற்றுவழி வேண்டும். இரவில் ரெகுலேட்டரை மூடிவிடுக. உறங்கச் செல்லுமுன் வீட்டு நெருப்பை அணைக்கும்படி நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அறிவுறுத்தியது, சிலிண்டர் உள்ள வீட்டுக்கு மிகவும் பொருந்தும்.

முடிவெடுக்குமுன் அவ்வடுப்பின் முன் நாள்தோறும் நிற்கப்போகிறவரின் கருத்தைக் கேளுங்கள். இருநூறு ஆண்டு அடுப்பு வரலாற்றில் பெரும்பாலும் கேட்கப்படாமல் போனது அவர் குரலே.