சான்றுக்கு முந்திய வெற்றி: சூரியமையக் கொள்கை ஏற்கப்பட்ட விதம்

கட்டைவிரலை முகத்துக்கு நேரே நீட்டி ஒற்றைக் கண்ணால் பார்த்தால், பின்னாலுள்ள சுவரில் விரல் ஓரிடத்தில் தெரியும். கண்ணை மாற்றினால் விரல் நகர்ந்துவிட்டதுபோல் இருக்கும். இதற்கு இடமாறு தோற்றம் என்று பெயர். பூமி சூரியனைச் சுற்றுவது உண்மையானால், ஆறு மாத இடைவெளியில் பார்க்கும்போது அருகிலுள்ள விண்மீன்களும் இப்படி இடம் மாறித் தெரியவேண்டும். தெரியவில்லை. கோப்பர்னிக்கசை மறுத்தவர்கள் கையில் இருந்த வலுவான ஆயுதம் இந்த அசையாத விண்மீன்கள்தாம்; விவிலிய வசனங்கள் அடுத்தபடியே.

பாடப்புத்தகக் கதை வேறு. அறியாமை ஒரு பக்கம், அறிவியல் மறு பக்கம், நடுவில் 1633இல் ரோமில் கலிலேயோ மீது நடந்த விசாரணை. நாடகத்துக்கு இது போதும், வரலாற்றுக்குப் போதாது. பூமி நகர்கிறது என்பதற்கு நேரடிச் சான்று கிடைப்பதற்குப் பல பத்தாண்டுகள் முன்பே வானியலாளர் பலர் சூரியமையக் கொள்கையின் பக்கம் வந்துவிட்டனர். அவர்களை அழைத்து வந்ததில் பெரும்பங்கு கணித அட்டவணைகளின் துல்லியத்துக்கு உண்டு என்பதே இங்கு முன்வைக்கப்படும் வாதம்.

1543இல் நூரம்பெர்கில் அச்சான கோப்பர்னிக்கசின் நூல், பூமியை நடுவில் வைத்த தாலமியின் வட்டங்களை முற்றாக ஒழித்துவிடவில்லை. வட்டத்தின் மேல் வட்டம் அதிலும் உண்டு. கிரகங்களின் இருப்பிடத்தைக் கணிப்பதில் பழைய முறையைவிட அது பெரிதாக மேம்பட்டதும் இல்லை. அதன் அழகு வேறிடத்தில் இருந்தது. பஞ்சாங்கம் பார்ப்பவர்களுக்குச் செவ்வாயின் வக்ரம் புதிதன்று. முன்னே போய்க்கொண்டிருக்கும் கிரகம் சில வாரங்கள் பின்னோக்கி நகர்ந்து, மறுபடி முன்னே போகும். விரைவு ரயிலில் இருப்பவருக்குப் பக்கத்துத் தண்டவாளத்தில் மெல்லச் செல்லும் ரயில் பின்வாங்குவதுபோல் தெரிவதில்லையா? செவ்வாயை பூமி முந்திச் செல்லும்போது நிகழ்வதும் அதுவே என்றார் கோப்பர்னிக்கஸ். தாலமி தனி வட்டம் போட்டு விளக்கியது, இங்கே தானாகவே விளங்கியது.

அழகு டைக்கோ பிராகேயை மயக்கவில்லை. ஹ்வென் தீவில் தொலைநோக்கி இல்லாமல், பெரிய உலோகக் கருவிகளைக் கொண்டு, ஏறத்தாழ ஒரு கலை நுட்பத்தில் அளந்தவர் அவர். பாகையில் அறுபதில் ஒரு பங்கு ஒரு கலை. அந்த அளவிலும் விண்மீன்கள் அசையவில்லை என்றால், அவை சனியைவிடக் குறைந்தது 700 மடங்கு தொலைவில் இருக்கவேண்டும். அத்தனை தொலைவில் இருந்தும் கண்ணுக்குச் சிறு வட்டமாகத் தெரியும் விண்மீன், பூமியின் ஆண்டுப் பாதை அளவுக்குப் பெரிதாயிருக்க வேண்டும். இதை அபத்தம் என்று அவர் தள்ளியதில் தவறில்லை. அந்த வட்டம் ஒளியும் கண்ணும் சேர்ந்து காட்டும் மாயை என்பது அன்று யாருக்கும் தெரியாது. எனவே கிரகங்கள் சூரியனைச் சுற்ற, சூரியன் பூமியைச் சுற்றும் நடுவழியை அவர் வகுத்தார். ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு முன்பே கேரளத்தின் நீலகண்ட சோமயாஜி ஐந்து கிரகங்களுக்கும் இதை ஒத்த அமைப்பைச் சொல்லியிருந்தார். கணக்கை முன்னிறுத்திச் சிந்தித்தவர்களுக்கு இந்த நடுவழி இயல்பாகவே பட்டிருக்கிறது.

கலிலேயோ 1610இல் கண்ட வெள்ளியின் பிறைகள் தாலமியை வீழ்த்தின. டைக்கோவைத் தொடவில்லை, ஏனெனில் அவர் அமைப்பிலும் வெள்ளி சூரியனைத்தான் சுற்றுகிறது. பூமியின் அசைவுக்குத் தலையாய சான்றாகக் கலிலேயோ நம்பிய கடல் ஓத விளக்கமோ தவறானது.

திருப்பம் கெப்ளரிடமிருந்து வந்தது. டைக்கோவின் செவ்வாய் அளவுகளோடு அவர் கணக்கு எட்டுக் கலை வேறுபட்டது. முழுநிலவின் அகலத்தில் கால்பங்கு! வேறொருவர் விட்டிருப்பார். கெப்ளர் வட்டத்தையே விட்டுவிட்டு, 1609இல் நீள்வட்டத்தை வெளியிட்டார். அதைக் கொண்டு அமைத்த ருடால்பு அட்டவணைகள் 1627இல் உல்ம் நகரில் அச்சாயின.

சோதனை 1631 நவம்பர் 7 அன்று நேர்ந்தது. புதன் சூரியனின் குறுக்கே கடக்கும் என்று கெப்ளர் முன்னறிவித்திருந்தார். ஏறத்தாழ ஓராண்டுக்கு முன்பே அவர் இறந்தும் போனார். பாரிசில் வானியலாளர் கசெண்டி சூரியனின் பிம்பத்தை இருட்டறையில் வெண்தாளின் மேல் விழச்செய்து காத்திருந்தார். ஒரு சின்னக் கரும்புள்ளி தெரிந்தது. அத்தனை சிறியது புதனாக இராது, சூரியப் புள்ளியாக இருக்கும் என்றே முதலில் எண்ணினார். அது நகர்ந்த வேகம்தான் காட்டிக்கொடுத்தது. கெப்ளரின் கணிப்பு ஒரு பாகையின் சிறு பங்கு அளவே பிசகியது. தாலமி வழி அட்டவணையும் கோப்பர்னிக்கஸ் வழி அட்டவணையும் பல பாகைகள் பிசகின.

இங்கே ஓர் எதிர்வாதம் எழும். கெப்ளரின் நீள்வட்டத்தை டைக்கோவின் அமைப்புக்குள் பொருத்தினாலும் அதே எண்கள்தாமே கிடைக்கும்? கிடைக்கும். ஆனால் கிரகங்களைச் சூரியனே இயக்குகிறது என்ற எண்ணத்திலிருந்துதான் கெப்ளர் அந்தப் பாதையை அடைந்தார். அந்த எண்ணத்தை எடுத்துவிட்டால் எண்கள் நிற்கும், காரணம் நிற்காது. 1687இல் நியூட்டன் ஈர்ப்பு விதியைத் தந்தபின், மாபெரும் சூரியன் சிறு பூமியைச் சுற்றுவதற்கு இயற்பியலில் இடமே இல்லாமல் போயிற்று. இடையில், 1651இல், ரிச்சோலி என்ற இயேசு சபைத் துறவி இருதரப்பு வாதங்களையும் எண்ணினார்: பூமியின் அசைவுக்கு ஆதரவாக 49, எதிராக 77. எண்ணிக்கையில் அவர் தரப்பே வென்றது!

நேரடிச் சான்று பிறகுதான் வந்தது. பூமி ஓடுவதால் விண்மீன் ஒளி சாய்ந்து வருவதை வானியலாளர் பிராட்லி 1728இல் உணர்ந்தார். மழையில் ஓடுபவர் குடையை முன்சாய்த்துப் பிடிப்பது போன்ற விளைவு அது. டைக்கோ தேடிய இடமாறு தோற்றத்தை கோனிக்ஸ்பெர்கின் பெசல், அன்னத் தொகுதியின் 61ஆம் விண்மீனில் அளந்தார். கலையில் அறுபதில் ஒரு பங்கான விகலையில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு: பதினாறு கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள ஒரு நாணயத்தின் அகலம். அவர் அதை வெளியிட்டது 1838இல். கோப்பர்னிக்கஸ், கலிலேயோ நூல்கள் இல்லாத திருச்சபைத் தடைப்பட்டியல் அதற்கு மூன்று ஆண்டுகள் முன்பே, 1835இல் வெளிவந்திருந்தது.