தாய்ப்பாலூட்டலுக்கான சமூக ஆதரவு (தமிழ்நாடு)

பாலூட்டும் தாய்க்குக் குடும்பமும் ஊரும் பணியிடமும் அரசும் தரும் உணவு, ஓய்வு, அறிவுரை, இடவசதி ஆகியவை தாய்ப்பாலூட்டலுக்கான சமூக ஆதரவு எனப்படும். தமிழ்நாட்டில் இது பேறுகாலத் தாய்வீட்டு வழக்கத்தில் தோன்றி, 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அரசுத் திட்டமாகவும் விரிந்தது.

இலக்கியத்தில்

சங்க அகப்பாடல்களில் பெற்றவள் நற்றாய், வளர்ப்பவள் செவிலி. செவிலியின் மகளே தலைவிக்குத் தோழி. பிள்ளை வளர்ப்போரைப் பாராட்டுந்தாய், ஊட்டுந்தாய், முலைத்தாய், கைத்தாய், செவிலித்தாய் என ஐவராக வகுப்பதும் உண்டு. பாலூட்டுவதற்கென்றே ஒருத்தியைத் தனியே பெயரிட்டு வைத்ததிலிருந்து, பிள்ளை வளர்ப்பு ஒருத்தியின் தனிச்சுமையாகக் கருதப்படவில்லை என்பது விளங்கும்.

இப்பொருளில் ஸ்ரீவில்லிபுத்தூருக்குத் தனியிடம் உண்டு. அவ்வூரினரான பெரியாழ்வார், யசோதையின் நிலையில் நின்று கண்ணனைப் பாலுண்ண அழைப்பதாகவே ஒரு திருமொழி பாடினார் (இரண்டாம் பத்து, இரண்டாம் திருமொழி, 11 பாசுரங்கள்). இரவு உண்ணாமல் உறங்கிய பிள்ளை உச்சிப்பொழுதாகியும் எழவில்லை. தாய்க்கோ பால் சுரந்து வழிகிறது. பிள்ளையின் பசியோடு தாயின் உடல்நிலையையும் சேர்த்துச் சொல்வது இத்திருமொழியின் சிறப்பு. தாய்ப்பாலைக் குறிக்க அவர் ஆளும் ‘அம்மம்’ மழலை வழக்குச் சொல். பிள்ளைத்தமிழ் இவரிடமிருந்தே தொடங்குகிறது. ஆயினும் பின்னர் வகுக்கப்பட்ட பத்துப் பருவங்களில் செங்கீரை, தால், சப்பாணி, அம்புலி முதலியன இடம்பெற, பாலூட்டலுக்குப் பருவம் அமையவில்லை.

வழக்கங்கள்

வளைகாப்பு முடிந்ததும் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்து வருவர். தலைப்பேறு அங்கேதான். பச்சை உடம்புக்காரிக்குப் பூண்டுக் குழம்பு, பிரசவ லேகியம், பால் ஊறப் பால்சுறாப் புட்டு ஆகியவற்றைத் தாயும் பாட்டியும் ஆக்கித் தருவர். பால் கட்டினால் வெந்நீர் ஒத்தடம். பால் வற்ற வேண்டுமானால் மார்பில் மல்லிகைப்பூ. அடுத்த வீட்டுப் பெண்களும் வந்து பிள்ளையை மடியில் பிடிக்கும் வகையைக் காட்டிக் கொடுப்பர். தமிழகத்தின் முதல் ஆதரவுக் குழு இதுவே. சீம்பாலைப் பீய்ச்சிக் கொட்டுவதும், முதற்பாலுக்கு முன் சர்க்கரைத் தண்ணீரால் சேனை தொட்டு வைப்பதும் அறியாமையால் நேர்ந்த குறைகள்.

அரசும் சட்டமும்

உலக வங்கி உதவியுடன் 1980இல் தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் மதுரை மாவட்டம் கொட்டாம்பட்டி ஒன்றியத்தில் தொடங்கியது. ஊர்ப்பெண்களே பணியாளராகி, மகளிர் குழுக்கள் வழியே பிள்ளை வளர்ப்பு முறைகளை வீடுதோறும் எடுத்துச் சென்றனர். நூற்பாலைகள் நிறைந்த ராஜபாளையம் போன்ற ஊர்களில் தொழிலாளர் சட்டங்களுக்கு முக்கியத்துவம் உண்டு. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம், 30க்கு மேற்பட்ட பெண்கள் வேலைசெய்யும் ஆலைகளில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்றது. 1961ஆம் ஆண்டு மகப்பேறு நலச் சட்டம், பிள்ளைக்கு 15 மாதம் ஆகும்வரை நாளுக்கு இருமுறை பாலூட்டும் இடைவேளை தந்தது. 2017ஆம் ஆண்டுத் திருத்தம் முதல் இரு பேறுகளுக்கு விடுப்பை 26 வாரமாக்கியது. புட்டிப்பால் விளம்பரத்தை 1992ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்தது.

இன்றைய நிலை

2015 ஆகஸ்டில் பேருந்து நிலையங்களில் பாலூட்டும் அறைகளும், எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனை உள்ளிட்ட அரசு மருத்துவமனைகளில் தாய்ப்பால் வங்கிகளும் திறக்கப்பட்டன. அரசுப் பெண் ஊழியரின் மகப்பேறு விடுப்பு 2021 முதல் 12 மாதம். ஸ்ரீவில்லிபுத்தூர், அதையடுத்த சிற்றூரான திருவண்ணாமலை, ராஜபாளையம் உள்ளிட்ட ஊர்களில் கிராம சுகாதார செவிலியரும் அங்கன்வாடிப் பணியாளரும் பாலூட்டும் தாய்மார்க்கு அறிவுரை கூறும் பணியைச் செய்கின்றனர். ஆகஸ்ட் 1 முதல் 7 வரை உலகத் தாய்ப்பால் வாரம்.