வகுப்புக்கு மூத்த பொருள்

பொருள்நோக்குச் செய்நிரலாக்கத்தைத் தொடக்க மாணவர்க்குக் கற்பிப்போர், வகுப்பினை அச்சு எனவும் அதிலிருந்து வார்க்கப்படுவதனைப் பொருள் எனவும் உவமித்துக் கூறுதல் வழக்கம். ஒரு செய்நிரலினுள் அச்சு முந்தியது என்பது உண்மையே. ஆயின், இக்கருத்து வளர்ந்த வரலாற்றினை நோக்குமிடத்து நிலைமை மறுதலையாக அமைகின்றது. பொருளே முதலில் வேண்டப்பட்டது. வகுப்பு என்னும் பெயர் பின்னரே வந்து சேர்ந்தது.

இவ்வரலாறு ஒஸ்லோ நகரில், நோர்வேக் கணிப்பு நிலையத்தில் தொடங்குகின்றது. அங்கு கிறிஸ்டன் நீகோர், ஓலே-யொகான் டால் ஆகிய இருவரும் 1960களின் முற்பகுதியில், வரிசைகளும் காத்திருத்தல்களும் நிறைந்த உலகியல் அமைப்புகளைக் கணினியிலே போலச்செய்து காட்டுதற்குரிய மொழியொன்றை அமைக்க முயன்றனர். அல்கோல் 60 என்னும் மொழியை அவர்கள் அடிப்படையாகக் கொண்டனர். அம்மொழியில் ஒரு தொகுதியினுள் இயக்கம் புகும்போது அதன் மாறிகளுக்கு நினைவகத்தில் இடம் ஒதுக்கப்படும்; இயக்கம் வெளியேறியதும் அவ்விடம் பறிபோகும். கடைசியில் வந்தது முதலிற் செல்லும் இவ்வொழுங்கு, ஒன்றன்மேல் ஒன்றாகத் தட்டுகளை அடுக்கி எடுப்பது போன்றது.

துறைமுகத்துக்கு வரும் கப்பல்கள் இவ்வாறு நடந்துகொள்வதில்லை. முதலில் வந்த கப்பல் முதலிற் செல்லலாம். நடுவில் வந்தது நெடுநாள் தங்கலாம். ஒவ்வொன்றுக்கும் தனித்தனி வாழ்நாள் உண்டு. ஆதலின் டால் அடுக்குமுறையைக் கைவிட்டு, வெற்றிடம் உள்ளவிடத்திற் பெற்றுத் தேவை உள்ளவரை வைத்திருக்கும் புதியதொரு நினைவக ஒதுக்கீட்டு முறையை வகுத்தார். எமது கருத்தின்படி, இந்நினைவக மாற்றமே இவ்வரலாற்றின் உயிர்நாடி. தன்னைப் பிறப்பித்த தொகுதி முடிந்த பின்னும் வாழவல்ல ஒன்று இங்ஙனம் உருவாயிற்று.

1965இன் தொடக்கத்தில் யூனிவாக் 1107 கணினியில் இயங்கிய சிமுலா 1 மொழியில் வகுப்பு என்ற சொல்லே இல்லை. விவரிப்பு ‘செயற்பாடு’ எனவும், அதிலிருந்து பிறப்பது ‘செயல்முறை’ எனவும் பெயர்பெற்றன. ஆயினும் பிறப்பிக்கும் சொல்லாகிய ‘நியூ’ அன்றே இருந்தது. வகுப்பு என்னும் சொல்லை 1965இல் ஹோர் என்னும் ஆங்கிலேய அறிஞர் பதிவேடுகள் பற்றி முன்வைத்த ‘பதிவேட்டு வகுப்பு’ என்னும் கருத்து நல்கிற்று. 1967 மே மாதத்தில் ஒஸ்லோவை அடுத்த லீசபூவில் நடந்த மாநாட்டில் வகுப்பும் உபவகுப்பும் முறையாக எடுத்துரைக்கப்பட்டன. அவ்வழி தோன்றிய சிமுலா 67இன் பொருட்டு இருவருக்கும் 2001ஆம் ஆண்டின் டூரிங் விருது கிடைத்தது. இருவரும் 2002இல் மறைந்தனர்.

அச்சு உவமையை அறவே நீக்குக என்பது எமது கருத்தன்று. அது மறைப்பதையும் மாணவர் அறிதல் வேண்டும். ஜாவா போன்ற மொழிகளில் ஒரு பொருளைச் சுட்டும் மாறியை இன்னொரு மாறிக்கு ஒப்படைத்த மாணவர், இரு பொருள்கள் உண்டாயின எனக் கருதி இடர்ப்படுவதுண்டு. அங்கு உண்டானது இரண்டாவது சுட்டு மட்டுமே. வார்ப்பினைப் பற்றிய பேச்சில் இச்சுட்டு இடம்பெறுவதில்லை; நினைவகத்தைப் பற்றிய பேச்சில் அது தானே விளங்கும்.

பின்வந்த வரலாறும் இதற்குச் சான்று பகர்கின்றது. கேம்பிரிட்ஜில் சிமுலாவைப் பயன்படுத்திய ஸ்ட்ரூஸ்ட்ரப், 1979இல் ‘வகுப்புகளுடன் கூடிய சி’ மொழியைத் தொடங்கினார்; அதிலிருந்து வளர்ந்த சி++ மொழியில் பொருளை அடுக்கிலும் வைக்கலாம், வெளியிலும் வைக்கலாம். உங்கர், ஸ்மித் ஆகியோர் 1987இல் விளக்கிய செல்ஃப் மொழியோ வகுப்பினை முற்றாக விலக்கி, இருக்கும் பொருளொன்றைப் படியெடுத்தே புதியதை ஆக்கிற்று. அதன் செல்வாக்கைப் பெற்று 1995இல் வெளிவந்த ஜாவாஸ்கிரிப்ட், ‘நியூ’ என்ற சொல்லை ஏற்றுக்கொண்டும் இருபது ஆண்டுகள் வகுப்புச் சொல்லின்றியே வழங்கிற்று. 2015ஆம் ஆண்டுத் தரநிர்ணயத்தில் அச்சொல் சேர்க்கப்பட்டபோதும், அதன் அடியில் இயங்கியது பழைய முன்மாதிரி முறையே.