ஆண்டின் முதல்வன் யார்?

வகுப்பில் முதல்வன் யார் என்று கேட்டால், மாணவ நேயர்களே, நீங்கள் சற்றும் தயங்காமல் ஒரு பெயரைச் சொல்லிவிடுவீர்கள். முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆசிரியத் தொழிலில் இருந்த எனக்கோ அந்தக் கேள்வி ஒரு நாளும் எளிதாக இருந்ததில்லை. ஆண்டு முழுவதும் நாள் தவறாமல் படித்து வந்தவன் முதல்வனா? ஆண்டின் இறுதியில், மூன்று மணி நேரத் தேர்வில், மற்ற எல்லோரையும் மிஞ்சி எழுதியவன் முதல்வனா? இருவரும் ஒரே பிள்ளையாக அமைந்துவிட்டால் தொல்லை இல்லை. வெவ்வேறு பிள்ளைகளாக இருந்துவிட்டால், மதிப்பெண் போடுகிறவன் பாடு திண்டாட்டந்தான்.

இந்தக் கேள்விக்கு விடை காண முயன்று, 2007-ஆம் ஆண்டு முதல் 2025-ஆம் ஆண்டு வரை விதியின்மேல் விதியாக மாற்றிக்கொண்டே வந்த ஒரு கூட்டத்தாரின் வரலாற்றை இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். அவர்கள் ஆசிரியர்கள் அல்லர்; அமெரிக்காவில் தொழில்முறைக் கோல்ப் போட்டிகளை நடத்தும் பி.ஜி.ஏ. டூர் என்னும் அமைப்பினர். அவர்கள் ஏற்படுத்தியது பெடெக்ஸ் கோப்பை. ஓய்வு பெற்ற பின் தொலைக்காட்சியில் தற்செயலாக இந்தப் போட்டியைக் கண்ட நான், அதன் விதிகளை அறிந்தபோது, என் பழைய வினா அங்கே வேறு உடை அணிந்து நிற்பதைக் கண்டு வியந்தேன்.

முதலில் ஆட்டத்தைப் பற்றிச் சில சொற்கள். பரந்த புல்வெளியில் 18 குழிகள். சிறு பந்தைக் கோலால் அடித்து, ஒவ்வொரு குழியிலும் இட வேண்டும். எவன் குறைந்த அடிகளில் சுற்றை முடிக்கிறானோ அவனே வென்றவன். ஒவ்வொரு குழிக்கும் இத்தனை அடிகள் என்று ஒரு நிர்ணயம் உண்டு. அதற்கு எத்தனை அடி கீழே ஒருவன் நிற்கிறான் என்பதை வைத்தே அவனுடைய நிலையைச் சொல்வார்கள். பெரிய போட்டிகள் நான்கு நாள்கள், 72 குழிகள் நடைபெறும். இப்படி வாரந்தோறும் ஓர் ஊரில் ஒரு போட்டி. வாரந்தோறும் ஒரு வெற்றியாளன். ஆனால் ஆண்டு முடிந்தபின், 'இந்த ஆண்டின் முதல்வன் யார்?' என்று கேட்டால், பரிசுப் பணம் யாருக்கு அதிகம் சேர்ந்தது என்று கணக்குப் பார்ப்பதே நெடுநாள் வழக்கமாக இருந்தது.

இன்னொரு குறையும் இருந்தது. நான்கு தலையாய போட்டிகளும் அக்காலத்தில் ஆகஸ்டு மாதத்தோடு முடிந்துவிடும். அதன்பின் அமெரிக்க மக்களின் கவனம் அவர்கள் நாட்டுக் கால்பந்தின் பக்கம் திரும்பிவிடும். ஆண்டின் கடைசிப் பகுதி களையிழந்து கிடந்தது. ஆகவே அமைப்பின் ஆணையர் டிம் பின்செம் காலத்தில், 2007-இல், புது ஏற்பாடு ஒன்று வந்தது. ஆண்டு முழுவதும் ஒவ்வொரு போட்டியிலும் புள்ளிகள். இறுதியில் நான்கு போட்டிகள் கொண்ட ஒரு தொடர். முதற் போட்டிக்கு 144 பேர், அடுத்ததற்கு 120, மூன்றாவதற்கு 70, கடைசியாக அட்லாண்டா நகரின் ஈஸ்ட் லேக் திடலில் நடக்கும் டூர் சாம்பியன்ஷிப்புக்கு 30 பேர். சல்லடையில் சலிப்பது போல ஆட்டக்காரர்களைச் சலித்து, முடிவில் ஒருவனுக்குக் கோப்பை. அதனோடு 1 கோடி டாலர்.

திட்டம் அழகானதுதான். ஆனால் முதல் ஆண்டிலேயே ஒரு விந்தை நேர்ந்தது. புள்ளிப் பட்டியலில் முதலிடத்தில் இருந்த டைகர் உட்ஸ் தொடரின் முதற் போட்டிக்கு வரவே இல்லை. ஆயினும் கடைசி இரண்டு போட்டிகளையும் வென்று கோப்பையைப் பெற்றார். வராதவனும் வெல்லலாம் என்றால் இது என்ன இறுதித் தொடர் என்று சிலர் கேட்டனர். ஆகவே அடுத்த ஆண்டு தொடர்ப் போட்டிகளின் புள்ளிகளுக்குக் கனம் கூட்டினார்கள்.

2008-இல் விளைந்ததோ நேர் எதிரான குறை. பிஜித் தீவில் பிறந்த, இந்திய வம்சாவளியினரான விஜய் சிங், தொடரின் முதல் இரண்டு போட்டிகளையும் வென்றார். அவருடைய புள்ளிகள் மலைபோல் குவிந்துவிட்டன. கடைசிப் போட்டியில் நான்கு நாளும் ஆடி முடித்தாலே போதும், கோப்பை அவருக்கே என்ற நிலை. கொலம்பியா நாட்டுக் கமிலோ வில்லேகாஸ் கடைசி இரண்டு போட்டிகளையும் வென்றும் கோப்பையைத் தொட முடியவில்லை. முடிவு முன்பே தெரிந்த இறுதி ஆட்டத்தை யார் ஆவலோடு பார்ப்பார்கள்?

மீண்டும் விதி மாறியது. 2009-இல், கடைசிப் போட்டிக்கு முன்பு புள்ளிகளைத் திருத்தி அமைத்து, முதல் ஐவரில் எவர் கடைசிப் போட்டியை வென்றாலும் கோப்பை அவருக்கே என்று வகுத்தனர். அப்போதும் சிக்கல் தீர்ந்தபாடில்லை. பில் மிக்கல்சன் கடைசிப் போட்டியை வென்றார். இரண்டாவதாக வந்த உட்ஸ் பெடெக்ஸ் கோப்பையை வென்றார். ஒரே மாலையில், ஒரே திடலில், இரண்டு வெற்றியாளர்கள்!

இங்கே உங்களுக்குப் பயன்படும் ஒரு செய்தியையும் சொல்லிவிடுகிறேன். 2010-இல் ஜிம் பியூரிக் என்பவர், விழிப்பு மணியாக வைத்திருந்த கைப்பேசியில் மின்சாரம் தீர்ந்துபோனதால் அயர்ந்து தூங்கிவிட்டார். முன்னோட்ட ஆட்டத்துக்கு உரிய நேரத்தில் வந்து சேராத குற்றத்துக்காகத் தொடரின் முதற் போட்டியில் ஆடும் தகுதியையே இழந்தார். மனம் தளராமல் ஆடிய அவர், ஈஸ்ட் லேக்கில் மழையில் நனைந்தபடியே கடைசிப் போட்டியையும் கோப்பையையும் சேர்த்து வென்றார். தேர்வு நாளில் தூங்கிவிடாதீர்கள் என்பது ஒரு பாடம். தூங்கிவிட்டாலும் அத்தோடு உலகம் முடிந்துவிடாது என்பது அதனினும் பெரிய பாடம்.

அடுத்த ஆண்டு, பட்டியலில் 25-ஆம் இடத்திலிருந்து வந்த பில் ஹாஸ், ஹண்டர் மஹானுடன் சமநிலையாகி, கூடுதல் குழிகளில் போராடினார். பந்து ஏரிக்கரைத் தண்ணீரில் பாதி மூழ்கிக் கிடந்தது. அங்கிருந்தே அதை அடித்துக் குழியருகே கொண்டுவந்து, அடுத்த குழியில் வென்றார். ஆனால் போட்டி மட்டுமன்றிக் கோப்பையும் தமக்கே உரியது என்பது வென்ற அவருக்கே உடனே தெரியவில்லை. வென்றவனுக்கே விளங்காத விதி எப்படி நல்ல விதியாகும்? 2018-இலும் பழைய கதைதான். நெடுங்காலம் நோயாலும் காயத்தாலும் வாடிய உட்ஸ் தமது 80-ஆவது வெற்றியைப் பெற்றார். மக்கள் வெள்ளம் அவர் பின்னே திரண்டது. கோப்பையோ ஜஸ்டின் ரோஸ் கைக்குச் சென்றது.

இரண்டு வெற்றியாளர்கள் என்னும் குழப்பத்தைத் தீர்க்க 2019-இல் மிகத் துணிவான ஒரு மாற்றம் செய்தனர். தொடரை மூன்று போட்டிகளாகச் சுருக்கினர். கடைசிப் போட்டியில் பட்டியலின் முதல்வன், ஓர் அடி கூட அடிக்கும் முன்பே, நிர்ணயத்துக்கு 10 அடி கீழே தொடங்குவான். இரண்டாமவன் 8, மூன்றாமவன் 7 என்று இறங்கிக்கொண்டே போய், கடைசி ஐவர் சலுகை எதுவுமின்றித் தொடங்குவர். தேர்வு அறைக்குள் நுழையும்போதே முதல் மாணவனுக்குப் பத்து மதிப்பெண் போட்டுவிடுவது போன்றது இது. ஆண்டு முழுவதும் உழைத்தவனுக்கு அது நியாயந்தானே என்று ஒரு சாரார் கூறினர். தேர்வு என்றால் எல்லோருக்கும் ஒரே தொடக்கமன்றோ வேண்டும் என்று மற்றொரு சாரார் கேட்டனர்.

இரு சாராருக்கும் சான்று கிடைத்தது. 2022-இல் ரோரி மெக்கில்ராய், முதலிடத்திலிருந்த ஸ்காட்டி ஷெப்லருக்கு 6 அடி பின்னால் தொடங்கினார். முதல் இரண்டு குழிகளிலேயே 4 அடிகளை வீணாக்கினார். ஆயினும் கடைசி நாளில் 6 அடி இடைவெளியையும் கடந்து, ஓர் அடியில் வென்றார். சலுகை பெற்றவனையும் உழைப்பால் மிஞ்சலாம் என்பதற்கு அது சான்று. ஆனால் 2024-இல் ஷெப்லர் 4 அடி முன்னிலையில் வென்றபோது கணக்குப் பார்த்தவர்கள், காலின் மொரிகாவா அந்த நான்கு நாள்களில் உண்மையில் அடித்த அடிகள் ஷெப்லரைவிட 2 குறைவு என்பதைக் கண்டனர். குறைவாக அடித்தவன் வெல்லும் ஆட்டத்தில், குறைவாக அடித்தவன் தோற்றான்! அந்த முறையால் பயன் பெற்ற ஷெப்லரே அதைச் சரியானது என்று ஏற்கவில்லை.

முடிவாக 2025-இல் அச்சலுகையை அடியோடு நீக்கினர். 30 பேரும் ஒரே நிலையில் தொடங்கினர். இங்கிலாந்தின் டாமி பிளீட்வுட் வென்றார். அந்த அமைப்பின் போட்டிகளில் 163 முறை ஆடியும் ஒரு வெற்றி கூடக் காணாதவர். அதே கோடையில் இருமுறை வெற்றி கைக்கெட்டி வாய்க்கெட்டாமல் போனவர். 164-ஆம் முறை வென்றார். ஆண்டு முழுவதும் சிறந்து விளங்கி, அதற்குள் 5 போட்டிகளை வென்றிருந்த ஷெப்லருக்குக் கோப்பை இல்லை. ஆனால் இம்முறை அமைப்பினர் ஒரு நல்ல காரியம் செய்திருந்தனர். பெரும்பரிசைப் பிரித்து வைத்தனர். தொடருக்கு முன்பு பட்டியலில் முதலாவதாக நின்றவனுக்கு 1 கோடி டாலர். இறுதிக்கு முந்திய போட்டி முடிந்தபோது முதலாவதாக நின்றவனுக்கு 50 லட்சம். கடைசிப் போட்டியை வென்றவனுக்கு 1 கோடி. முதல் இரண்டும் ஷெப்லருக்கு, மூன்றாவது பிளீட்வுட்டுக்கு.

இந்த நீண்ட வரலாறு எனக்கு உணர்த்தியது இதுதான். ஆண்டு முழுதும் நிலைத்து நிற்கும் உழைப்பு ஒரு சிறப்பு. இறுதி நாளின் நெருக்கடியில் தலைநிமிரும் ஆற்றல் வேறொரு சிறப்பு. இரண்டையும் ஒரே எண்ணுக்குள் அடைக்கப் பார்த்தபோதெல்லாம் யாரோ ஒருவனுக்கு அநீதி நேர்ந்தது. இரண்டுக்கும் தனித்தனியே பரிசு வைத்தபோதுதான் கணக்கு நேரானது.

இதை நான் முன்பே உணர்ந்திருக்க வேண்டும். சுமார் முப்பது ஆண்டுகளுக்கு முன்பு, என் பொறுப்பிலிருந்த ஒன்பதாம் வகுப்பில் ஒரு பையன் இருந்தான். காலாண்டிலும் அரையாண்டிலும் முதல் மூவரில் ஒருவன். முழு ஆண்டுத் தேர்வின்போது கடுங்காய்ச்சல். கணக்குத் தாளில் பாதிகூட எழுதவில்லை. 'ஆண்டுத் தேர்வே அளவுகோல், விதி விதிதான்' என்று சொல்லி, அவனை அதே வகுப்பில் நிறுத்திக் கையெழுத்திட்டேன். நேர்மையாக நடந்துகொண்டதாகவே அன்று எண்ணினேன். ஜூன் மாதம் பள்ளி திறந்தபோது அவன் வரவில்லை. தந்தையோடு வேலைக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள். நான் கையெழுத்திட்டது விதிப்படிதான். ஆனால் ஓராண்டு உழைப்பை மூன்று மணி நேரத்தைக் கொண்டு அளந்துவிட்டேன் என்பதை இன்று உங்கள் முன் ஒப்புக்கொள்கிறேன்.

கடைசியாக, ஈஸ்ட் லேக் திடலைப் பற்றி ஒரு செய்தி. அத்திடலில்தான் பாபி ஜோன்ஸ் சிறுவனாக ஆடிப் பழகினார். பரிசுப் பணத்துக்காக ஆடாமல், கடைசிவரை பொழுதுபோக்கு ஆட்டக்காரராகவே இருந்த மேதை அவர். 1925-இல் அமெரிக்க ஓபன் போட்டியில், புற்களுக்கிடையே கிடந்த பந்து தம்மால் சற்று அசைந்துவிட்டதாகத் தாமே கூறி, தமக்கு ஓர் அடித் தண்டனை விதித்துக்கொண்டார். வேறொருவரும் அதைப் பார்க்கவில்லை. அந்த ஓர் அடி இல்லாதிருந்தால் வெற்றி அவருடையது. சமநிலையாகிப் போன ஆட்டத்தில் வில்லி மக்பார்லேன் அவரை வென்றார். பிறர் பாராட்டியபோது, இதில் பாராட்ட என்ன இருக்கிறது என்பதே அவருடைய கருத்தாக இருந்தது.

இளைஞர்களே, உங்களை அளக்கும் விதிகள் மாறிக்கொண்டே இருக்கும். சில ஆண்டு முழுவதையும் பார்க்கும். சில ஒரே நாளைப் பார்க்கும். எந்த விதியும் முழு மனிதனை அளந்துவிடாது. ஆகவே முதலிடம் கிடைத்தால் இறுமாவாதீர்கள், தவறிப்போனால் ஒடிந்துவிடாதீர்கள். நாளை நீங்கள் ஆசிரியராகவோ அதிகாரியாகவோ அமர்ந்து பிறரை அளக்கும் காலம் வரும். அப்போது கையெழுத்திடுமுன், 'நான் அளப்பது இவனுடைய ஆண்டையா, ஒரு நாளையா?' என்று ஒரு கணம் எண்ணிப் பாருங்கள். நான் எண்ணிப் பார்க்கத் தவறியது அதுதான்.