ஐரிஸ் 3047: ஓர் அச்சுப்பொறியின் வாழ்க்கை

வாஷிங்டனில் உள்ள அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் ஒரு பழைய அச்சுப்பொறி இருக்கிறது. பெயர் ஐரிஸ் 3047. இன்று வீட்டு மேசையில் வண்ணப்படம் அச்சிடும் இன்க்ஜெட்டுகளுக்கு அது மூத்த உறவு.

1980களில் அதைச் செய்தவர்கள் புகைப்படக்காரர்களை நினைத்துச் செய்யவில்லை. பத்திரிகையோ விளம்பரமோ ஆயிரக்கணக்கில் அச்சாவதற்கு முன், நிறம் சரியா என்று பார்க்க அச்சகங்கள் எடுக்கும் ப்ரூஃபுக்காகவே செய்தார்கள். உருளையில் சுற்றிய தாள் வேகமாகச் சுழல, நான்கு முனைகள் நான்கு நிற மைகளை நுண்துளிகளாக வீசும். ப்ரூஃப் சில நாள் தாங்கினால் போதும். மை வெளுக்குமா என்று எவரும் கேட்கவில்லை.

பாடகர் கிரஹாம் நாஷ் புகைப்படக் கலைஞரும்கூட. அந்தப் பொறியை 1,26,000 டாலருக்கு வாங்கினார். நண்பர் மேக் ஹோல்பர்ட்டுடன் சேர்ந்து 1991-ல் கலிபோர்னியாவின் மன்ஹாட்டன் பீச்சில் 'நாஷ் எடிஷன்ஸ்' அச்சுக்கூடத்தைத் திறந்தார். ஓவியர்கள் பயன்படுத்தும் தடித்த தாள் பொறிக்குள் நுழையவில்லை. உத்தரவாதம் போனால் போகட்டும் என்று பாகங்களை ரம்பத்தால் அறுத்து இடம் உண்டாக்கினார்கள். படங்கள் அசத்தின. ஆனால் வெளிச்சம் பட்டால் சில ஆண்டுகளிலேயே நிறம் மங்கியது. காரணம், அது நீரில் கரையும் சாய மை.

தீர்வு, கரையாத நுண்துகள்களால் ஆன நிறமி மை. 2000-ல் எப்சன் நிறுவனத்தின் 'ஸ்டைலஸ் போட்டோ 2000பி' அச்சுப்பொறி அந்த மையை மேசைக்கே கொண்டுவந்தது. நாஷின் கூடமும் எப்சனுக்கு மாறியது. 2005-ல் ஐரிஸ் அருங்காட்சியகத்துக்குப் போனது.

வீட்டில் படம் அச்சிடுவோருக்கு இந்தக் கதையில் சேதி உண்டு. கூர்மை இன்று பெரிய சிக்கல் இல்லை: 4-க்கு 6 அங்குலப் படத்துக்கு 1200-க்கு 1800 பிக்சல் தாராளம். மையும் தாளும் பொருந்துவதே முக்கியம். சாதாரணத் தாளில் மை ஊறிப் பரவும். போட்டோ தாளின் பூச்சு துளியை விழுந்த இடத்திலேயே பிடித்து வைக்கும். அச்சிடும்முன் கணினியில் தாளின் வகையைச் சரியாகத் தேர்ந்தெடுங்கள். இல்லையென்றால் மையின் அளவே மாறிவிடும். பொழுதுபோக்குப் படங்களுக்குச் சாய மை போதும். பேரப்பிள்ளைகள் பார்க்க வேண்டிய குடும்பப் படமென்றால் நிறமி மையில் அச்சிட்டு, ஒரு நாள் உலரவிட்டு, கண்ணாடிச் சட்டமிட்டு, வெயில் படாத சுவரில் மாட்டுங்கள்.